பதிவேட்டுப் பிழைக்கு வாங்கியவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

பயாஸ் அப்டேட் செய்தேன், விண்டோஸ் ஆக்டிவேஷன் போய்விட்டது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். மூன்று பதில்களில் ஒன்று கட்டாயம் வரும். "ஒரிஜினல் போட்டிருக்க மாட்டீங்க சார்" என்பது ஒன்று. "நல்லா ஓடிக்கிட்டிருந்த பயாஸை எதுக்குக் கிளறுனீங்க?" என்பது இன்னொன்று. கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால், "மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோட இணைச்சு வெச்சிருந்தா இந்தத் தொல்லையே வந்திருக்காதே" என்பார். சர்வீஸ் கடையிலும் அலுவலகத்து ஐ.டி. பிரிவிலும் கம்ப்யூட்டர் தெரிந்த உறவினர் வாயிலும் இதே பேச்சுதான். மூன்றையும் பிழிந்தால் வருவது ஒரே சாறு: தப்பு உன்னுடையது.

அது பொய் என்கிறேன். காசு கொடுத்து உரிமம் வாங்கியதோடு வாங்கியவரின் கடமை முடிந்துவிட்டது. அந்த உரிமம் எந்த இயந்திரத்துக்கு உரியது என்று கணக்கு வைத்துக்கொள்வது விற்றவரின் வேலை. கணக்கு பிசகினால் அதைச் சரிசெய்யும் பொறுப்பும் விற்றவருடையதே. இவ்வளவு எளிய நியாயம் மென்பொருள் என்று வந்துவிட்டால் மட்டும் தலைகீழாகிவிடுகிறது. அதை நாமும் இயல்பென்று ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

எதிர்த்தரப்புக்கு உரியதை முதலிலேயே கொடுத்துவிடலாம். பெரும்பாலான பயாஸ் அப்டேட்கள் ஆக்டிவேஷனைத் தொடுவதே இல்லை. கிராக் போட்டு ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் என்பதும் உண்மை. தவறான மாடலின் ஃபைலை இறக்கி, அவசரத்தில் எழுதிப் போர்டையே சாகடித்தவர்களும் உண்டு. ஆனால் சிலர் திருடர்கள், சிலர் அவசரக்காரர்கள் என்பதிலிருந்து ஆக்டிவேஷன் இழந்தவர் எல்லோருமே இரண்டில் ஒன்று என்ற முடிவுக்கு எப்படித் தாவ முடியும்?

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தத் தாவல் எவ்வளவு அபத்தம் என்பது புரியும். விண்டோஸ் 7 காலம் வரை லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் 25 எழுத்துகள் கொண்ட கீ அச்சிட்டிருக்கும். வியர்வையிலும் உராய்விலும் எழுத்துகள் தேய்ந்துபோகும் என்றாலும், 'இது என் உரிமம்' என்று காட்ட வாங்கியவர் கையில் ஒரு சான்று இருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததும் அந்தச் சான்று பறிக்கப்பட்டது. தயாரிப்பு நிறுவனம் கீயைத் தொழிற்சாலையிலேயே மதர்போர்டின் ஃபர்ம்வேர் சிப்புக்குள், எம்.எஸ்.டி.எம். என்ற அட்டவணையில் எழுதிவிடும். ஸ்டிக்கரில் இனி விண்டோஸின் பெயர் மட்டும்தான், கீ கிடையாது. விண்டோஸை மறுபடி நிறுவும்போது செட்டப் புரோகிராம் அந்தக் கீயைத் தானே படித்துக்கொள்ளும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வாங்கியவர் தன் கீயைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சிப்பின் அந்த மூலை அழிந்துபோனால் அவர் எதைக் காட்டுவார்?

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தபோது இன்னொரு படி தாண்டினார்கள். விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு இலவச அப்கிரேடு தந்தார்கள். அவர்களுக்குத் தனிக் கீ எதுவும் தரப்படவில்லை. கணினியின் பாகங்களிலிருந்து ஓர் அடையாளக் குறியைக் கணக்கிட்டு, அதை மைக்ரோசாஃப்டின் சர்வரில் பதிந்துகொண்டார்கள். டிஜிட்டல் உரிமம் என்பது இந்தப் பதிவுதான். அந்த அடையாளத்தில் மதர்போர்டுக்குத்தான் பெரிய பங்கு.

இப்போது அந்த ஃபர்ம்வேர் சிப்பை, அதாவது பயாஸ் சிப்பைக் கவனியுங்கள். கணினியை எழுப்பும் புரோகிராம் மட்டுமே அதில் இருப்பதில்லை. சீரியல் நம்பர், மாடல் பெயர், யூ.யூ.ஐ.டி. என்னும் தனி அடையாள எண், சில போர்டுகளில் லேன் போர்ட்டின் மேக் முகவரி ஆகியவையும் அங்கேதான் குடியிருக்கின்றன. ஒழுங்காக எழுதப்பட்ட அப்டேட், புரோகிராம் பகுதியை மட்டும் மாற்றி, அடையாளப் பகுதியைத் தொடாமல் விட வேண்டும். தொட்டுவிட்டால் வேறு கதை. சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பார்த்தால், தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.' என்றோ 'டிஃபால்ட் ஸ்ட்ரிங்' என்றோ நிற்கும். திங்க்பேட் லேப்டாப்களில் மெஷின் யூ.யூ.ஐ.டி. செல்லாது என்று சொல்ல 2201 என்ற தனிப் பிழை எண்ணே இருக்கிறது. தயாரிப்பாளர்களுக்கே தெரிந்த, எண் கொடுத்து வைத்திருக்கிற கோளாறு இது.

அடையாளம் கலைந்த கணினி விண்டோஸுக்குள் நுழைந்ததும், சி004எஃப்211 என்று முடியும் பிழைக்குறி வருகிறது. உங்கள் சாதனத்தின் வன்பொருள் மாறிவிட்டது என்பது அதன் விளக்கம். ஒரு திருகுகூடக் கழற்றப்படவில்லை. அதே பிராசசர், அதே ராம், அதே எஸ்.எஸ்.டி., அதே மேசை. மாறியது சிப்புக்குள் சில எழுத்துகள் மட்டுமே. யு.டி.ஆர். என்னும் நில உடைமைக் கணக்கெடுப்பில் பட்டாவில் பெயர் மாறி விழுந்துவிட, மூன்று தலைமுறையாக உழுத நிலத்துக்குத் தாலுகா அலுவலகப் படியேறிச் சான்று காட்டியவர்களைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கேட்டுப் பாருங்கள். எழுதியவர் பிழை, அலைந்தவர் உழவர். இங்கும் அதே கதைதான்.

சர்வீஸ் கடையில் இது இன்னும் மோசமாகிறது. அப்டேட் பாதியில் கரன்ட் போனால் போர்டு எழாது. கடைக்காரர் பின்கவரைக் கழற்றி, எட்டுக்கால் சிப்பின்மீது கிளிப்பைக் கவ்வ வைத்து, சிஎச்341ஏ என்ற விலை குறைந்த புரோகிராமரை யூ.எஸ்.பி.யில் சொருகி, அதே மாடலுக்கான டம்ப் ஃபைலை (சிப்பின் முழு நகல்) இணையத்தில் தேடி எழுதுவார். போர்டுக்கு உயிர் வந்துவிடும், வாடிக்கையாளரும் நிம்மதியாகப் போய்விடுவார். ஆனால் அந்த டம்ப் வேறு யாருடைய லேப்டாப்பிலிருந்தோ எடுத்தது. அவருடைய சீரியல் நம்பரும் யூ.யூ.ஐ.டி.யும், சமயத்தில் அவருடைய விண்டோஸ் கீயும்கூட இப்போது இந்த லேப்டாப்புக்குள் வந்துவிட்டன. பழைய சிப்பை முதலில் படித்துச் சேமித்து, அதிலுள்ள அடையாளப் பகுதியை எடுத்துப் புதிய ஃபைலில் பொருத்தி எழுதத் தெரிந்தவர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் உண்டு, மற்ற ஊர்களிலும் உண்டு. அந்த வித்தை தெரிந்தவரிடம் போய்ச் சேர்வது அவரவர் அதிர்ஷ்டம். உரிமத்தின் ஆயுள் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கிறது என்றால், அந்த ஏற்பாட்டை வகுத்தவரைத்தானே கேள்வி கேட்க வேண்டும்?

இனி முதல் பதிலுக்கு வருவோம். ஒரிஜினல் என்றால் போகாதாம். 2007 ஆகஸ்ட் 24 அன்று மைக்ரோசாஃப்டின் சரிபார்ப்பு சர்வர்களில் ஊழியர் தவறால் கோளாறு ஏற்பட்டு, அடுத்த நாள் வரை, ஏறத்தாழ 19 மணி நேரம், காசு கொடுத்து வாங்கிய எக்ஸ்பி, விஸ்டா கணினிகள் போலி என்று முத்திரை குத்தப்பட்டன. 12,000க்குக் குறைவான கணினிகளே பாதிக்கப்பட்டதாக நிறுவனம் சொன்னது. 2018 நவம்பர் 8 அன்று விண்டோஸ் 10 புரோ வைத்திருந்தவர்களிடம், உங்களிடம் இருப்பது ஹோம் பதிப்பின் உரிமம்தான் என்று ஆக்டிவேஷன் சர்வர் சாதித்தது. 2019 ஜனவரியில், முறையாக உரிமம் வாங்கிய நிறுவனங்களின் விண்டோஸ் 7 கணினிகளில் 'இந்த விண்டோஸ் அசல் அல்ல' என்ற எச்சரிக்கை வந்தது. சர்வரில் செய்த ஒரு மாற்றத்தை மைக்ரோசாஃப்ட் பின்வாங்கிய பிறகே அது நின்றது. மூன்று முறையும் வாடிக்கையாளர் எதையும் தொடவில்லை. பதிவேட்டை வைத்திருந்தவர் தவறினார், அவரே ஒப்புக்கொண்டும் விட்டார். ஆகவே ஆக்டிவேஷன் போவது திருட்டுக்குச் சான்று என்ற வாதம் 2007லேயே செத்துவிட்டது. நம் ஊரில்தான் அதை இன்னும் அடக்கம் செய்யவில்லை.

அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்றுண்டு. பெரிய நிறுவனங்களுக்காக கே.எம்.எஸ். என்ற ஏற்பாடு இருக்கிறது. நிறுவனம் தன் நெட்வொர்க்கிலேயே ஒரு சர்வரை வைத்துக்கொள்ளும், அது தரும் ஆக்டிவேஷன் 180 நாள் செல்லும், அதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்த சர்வரைப் போலி செய்யும் குட்டிப் புரோகிராம்தான் நம் ஊரில் பெரும்பாலும் புழங்கும் கிராக். அதற்கு எம்.எஸ்.டி.எம். அட்டவணையும் வேண்டாம், மைக்ரோசாஃப்டின் பதிவேடும் வேண்டாம். பயாஸ் மாறினால் என்ன, மதர்போர்டே மாறினால் என்ன, தானே ஒரு சான்றிதழ் அடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு தவிப்பவர் பில்லோடு வாங்கியவர். கவலையில்லாமல் இருப்பவர் திருடியவர். இந்த நிலையில் தவிப்பவரைப் பார்த்து 'ஒரிஜினலா?' என்று கேட்பது எவ்வளவு பெரிய அவமானம்!

இரண்டாவது பதில், பயாஸைத் தொடாதே. ஃப்ளாப்பியில் பயாஸ் எழுதிய காலத்தில் இது நல்ல புத்திமதிதான். தொடாமல் விட்டால் எந்தக் கேடும் வராத காலம் அது. இன்று நிலைமை நேர்மாறு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள் வெளியானபோது அவற்றுக்கான அடைப்பில் ஒரு பகுதி மைக்ரோகோடு என்னும் பிராசசர் திருத்தமாக, பயாஸ் அப்டேட் வழியே வந்தது. 2023இல் ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகியபோது, எஸ்.ஓ.சி. வோல்ட்டேஜை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போட்டதும் பயாஸ் அப்டேட்தான். 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் அதிக வோல்ட்டேஜால் நிலைகுலைந்தன. அதற்கான மைக்ரோகோடும் மதர்போர்டு நிறுவனங்களின் பயாஸில்தான் வந்தது. ஏற்கெனவே பழுதான பிராசசரை அது மீட்காது என்று இன்டெலே சொல்லிவிட்டது. 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்று காத்திருந்தவர்களில் சிலர் பிராசசரையே இழந்தார்கள். செக்யூர் பூட் என்னும் தொடக்கச் சரிபார்ப்புக்காக 2011இல் தரப்பட்ட சான்றிதழ்களுக்கு 2026 ஜூன் முதல் காலாவதி தொடங்குகிறது. அவற்றைப் புதுப்பிக்கப் பல கணினிகளுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் தேவைப்படும் என்று மைக்ரோசாஃப்டும் சொல்கிறது. தொடாதே என்று சொல்பவர் இதற்கெல்லாம் என்ன வழி சொல்கிறார்?

'கிளறுனீங்க' என்ற சொல்லே இங்கு பொருந்தாது. இன்று பல லேப்டாப்களுக்கு ஃபர்ம்வேர் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வருகிறது. ராத்திரி மூடி வைத்த லேப்டாப் காலையில் கறுப்புத் திரையில் ஒரு கோட்டை நிரப்பிக்கொண்டு, அணைத்துவிடாதீர்கள் என்கிறது. அந்த லேப்டாப்பின் உரிமையாளர் எங்கே கிளறினார்? அப்டேட்டைக் கொண்டுவந்து சேர்த்தது எந்த நிறுவனத்தின் வாய்க்காலோ, அந்த நிறுவனமே மறுநாள் 'உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை' என்கிறது. ஃபர்ம்வேரை எழுதியவர் கணினித் தயாரிப்பாளர், ஆக்டிவேஷனை நடத்துகிறவர் மைக்ரோசாஃப்ட், இருவரும் வேறு வேறு என்று வாதாடலாம். அந்த இருவருக்கும் இடையில் ஒப்பந்தம் இருக்கிறது, கீயை சிப்பில் எழுத இருவரும் சேர்ந்து வகுத்த முறை இருக்கிறது. வாங்கியவர் அந்த ஒப்பந்தத்தில் இல்லவே இல்லை. இரண்டு நிறுவனங்களுக்கு இடையில் விழுந்த ஓட்டையில் வாங்கியவர் காலை விட்டுக்கொண்டார் என்றால், ஓட்டையை அடைக்க வேண்டியவர் யார்?

மூன்றாவது பதிலில்தான் நியாயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2016 ஆகஸ்டில் வந்த ஆனிவர்சரி அப்டேட் முதல் டிஜிட்டல் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு இணைக்கலாம். ஆக்டிவேஷன் போனால் ட்ரபிள்ஷூட்டரை ஓட்டி, 'அண்மையில் வன்பொருளை மாற்றினேன்' என்பதைத் தேர்ந்து, பழைய கணினியைப் பட்டியலில் தொட்டால் உரிமம் திரும்பலாம். பலருக்குத் திரும்பியும் இருக்கிறது. இந்த வழியை ஏளனம் செய்யவில்லை, முடிந்தவர்கள் இணைத்து வைத்துக்கொள்ளட்டும். ஆனால் இதைத் தீர்வு என்று சொல்வதற்கு முன் இரண்டை யோசிக்க வேண்டும்.

ஒன்று, மாற்றாத வன்பொருளை மாற்றினேன் என்று பொய்ச்சாட்சி சொன்னால்தான் கதவு திறக்கிறது. திறந்தாலும் எல்லோருக்கும் திறப்பதில்லை. எத்தனை முறை மறு ஆக்டிவேஷன் செய்யலாம் என்பதற்கு வரம்பு உண்டு, வரம்பைத் தாண்டினால் முடியாது என்று நிறுவனத்தின் உதவிக் குறிப்பே சொல்கிறது. அலுவலகமோ கல்லூரியோ நிர்வகிக்கும் கணினி என்றால் அங்கேயும் இந்த வழி அடைபடலாம். முன்பே இணைக்காதவருக்குப் பட்டியலே காலி. கடையில் ரொக்கமாக லேப்டாப் வாங்கியபோது, உரிமம் நிலைக்க வேண்டுமானால் அக்கவுன்ட் தொடங்கு என்று யாராவது சொன்னார்களா?

இரண்டு, அக்கவுன்ட் இன்னொரு சிக்கலையும் கூட்டி வருகிறது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு நுழைந்தால், பல கணினிகளில் பிட்லாக்கர் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடுகிறது. அந்தப் பூட்டின் சாவி டி.பி.எம். என்னும் பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது. ஏ.எம்.டி. போர்டுகளில் பயாஸ் எழுதி முடித்ததும், எஃப்.டி.பி.எம்.மை (ஃபர்ம்வேருக்குள் இயங்கும் டி.பி.எம்.) ரீசெட் செய்யவா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வருவதுண்டு. புரியாமல் ஒய் விசையை அழுத்தினால், அடுத்து நீலத் திரை 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். கீ கையில் இல்லையென்றால் உரிமம் இருந்தும் பயனில்லை. குழந்தையின் படங்கள், கடைக் கணக்கு எல்லாம் போன மாதிரிதான். இணைக்கச் சொன்னவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

"சரி, ஸ்க்ரீன் மூலையில 'ஆக்டிவேட் விண்டோஸ்'னு ஒரு வாட்டர்மார்க்தானே, கண்ணை மூடிக்கிட்டுப் போங்க" என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. உண்மைதான், ஆக்டிவேஷன் இல்லாத விண்டோஸ் ஓடும். வால்பேப்பர், நிறம் போன்ற அமைப்புகளை மாற்ற விடாது, அவ்வளவே. ஆனால் சிறு அலுவலகம் நடத்துபவர் மென்பொருள் தணிக்கைக்கு வருபவரிடம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்ல முடியாது. பழைய லேப்டாப்பை விற்கப் போகிறவரிடம், வாங்க வருபவர் அந்த எழுத்துகளைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார். எல்லாவற்றையும்விட, அந்த நொடியில் கடைக்காரர் ஒரு வழி சொல்வார்: சில நூறு ரூபாய்க்குப் புதுக் கீ. எங்கிருந்து வந்த கீ என்று கேட்கக் கூடாது. பல சமயம் ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகத் தந்த வால்யூம் கீ அது, என்றைக்கு வேண்டுமானாலும் முடக்கப்படலாம். ஒருமுறை முழு விலை கொடுத்தவரை இரண்டாம் முறை அரைத் திருட்டுக்குள் தள்ளுவது இந்த ஏற்பாடுதான். காசு கொடுத்து வாங்கியும் இதே அலைச்சல் என்றால் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டால், பைரசிக்கு எதிராகப் பேசுபவர்களிடம் என்ன பதில் இருக்கிறது?

மென்பொருளை நீங்கள் வாங்கவில்லை, பயன்படுத்த அனுமதிதான் பெற்றிருக்கிறீர்கள் என்ற சட்டப் பேச்சையும் எதிர்பார்க்கிறேன். இருக்கட்டும். பெட்டியில் வைத்து விற்கும் ஆயத்த மென்பொருள், விற்பனை வரிக்கு உட்பட்ட சரக்குதான் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் டாடா கன்சல்டன்சி வழக்கில் சொல்லியிருக்கிறது. வரி வாங்கும்போது சரக்கு, பழுதானால் மட்டும் வெறும் அனுமதியா? அனுமதி என்றே வைத்துக்கொண்டாலும், அதை விலைக்குத் தந்தவர் காரணமில்லாமல் திரும்பப் பெற முடியாது. கணினியோடு சேர்த்து விற்கும் ஓ.இ.எம். உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது என்பதுதான் அவர்கள் வகுத்த விதி. நம் கேள்வி அந்த விதிக்குள்ளேயே நிற்கிறது: அதே மதர்போர்டு இன்னும் அங்கேயே இருக்கிறதே?

கேட்பது பெரிய சலுகை எதுவும் இல்லை. அடையாளப் பகுதியைத் தொடாமல் எழுதுவதும், எழுதி முடித்தபின் சீரியல், யூ.யூ.ஐ.டி., கீ மூன்றும் முன்பிருந்தபடியே இருக்கின்றனவா என்று சரிபார்ப்பதும் ஃபர்ம்வேர் தரும் நிறுவனத்தின் கடமையாக வேண்டும். வன்பொருள் மாறிவிட்டது என்று பொதுவாகப் பழி போடாமல், எந்த அடையாளம் மாறியது என்று விண்டோஸ் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும், சர்வீஸ் சென்டர் தன் தவற்றை மறைக்க முடியாது. முன்பு ஆக்டிவேட் ஆகியிருந்த கணினிக்கு, அக்கவுன்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாங்கிய பில்லைக் காட்டினால் உரிமத்தைத் திருப்பித் தர வேண்டும். சந்தேகம் இருந்தால் நிரூபிக்கும் பாரம் சந்தேகப்படுகிறவர் மேல் இருக்கட்டும்.

அது நடக்கும் வரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. அடுத்த பயாஸ் அப்டேட்டுக்கு முன் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, என்ன உரிமம் என்று சொல்கிறதோ அதை ஒரு படம் எடுத்து வையுங்கள். பிட்லாக்கர் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், யூ.எஸ்.பி.யில் பயாஸ் எழுதுவதானால் பிட்லாக்கரை முதலில் சஸ்பெண்ட் செய்யுங்கள். பில்லைத் தூக்கி எறியாதீர்கள். சர்வீஸுக்குக் கொடுத்தால், சிப்பில் எழுதுவதற்கு முன் பழையதைப் படித்து வைத்துக்கொள்ளச் சொல்லி ஜாப் ஷீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஆக்டிவேஷன் போய்விட்டால் அன்றைக்கே புதுக் கீ வாங்க ஓடாதீர்கள். முதலில் தயாரிப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், அவர் கையை விரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். இரண்டாம் முறை காசு கொடுக்கும் ஒவ்வொருவரும், தவறு தன்னுடையதுதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.